கறுப்பா இருந்தாலும்

சென்ற வருஷம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரசத்துக்குத் தாளிக்க அடுப்பில் கரண்டியை வைத்துவிட்டு, "பாப்பா, அந்தக் கறிவேப்பிலையைக் கொண்டா" என்றேன். கொண்டுவந்து என் பக்கத்தில் நின்றவள், அடுத்த நிமிஷம் இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். எண்ணெய் தெறித்துவிட்டது என்று பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். பார்த்தால், வாளித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டு நிற்கிறாள். நிமிர்ந்தபோது கன்னம் இரண்டும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தன. எண்ணெய் ஒரு சொட்டுகூடப் படவில்லை. அடுப்பின் அனல்தான் பட்டிருக்கிறது. "ரொம்ப நாளா இப்படித்தான் அத்தை. சூடு பட்டா எரியும். வெயில் பட்டாலும் எரியும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைக்காமலே மாடிக்குப் போய்விட்டாள்.

பாப்பா என் அண்ணன் மகள். வில்லிவாக்கத்தில் எங்களுடையது ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் அண்ணன் குடும்பம், அம்மா இரண்டு பேருக்கும் பொது. அப்போது பாப்பா ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் பழையதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மெரினாவுக்குப் போகலாம் என்றால் ஆறு மணிக்கு மேல்தான் கிளம்புவாள். தெருமுனைக் கடைக்குப் போவதற்குக்கூட துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். சென்னையில் வண்டி ஓட்டுகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தானே கட்டுகிறார்கள் என்று நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. சாப்பிடும்போது செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்திருப்பாள். வீடியோ பார்க்கிறாள் என்று நினைத்தோம். திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவள் முகம்; முன்பக்கக் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள்.

அன்று மாலை அவள் மேஜை டிராயரில் அந்த ட்யூபைப் பார்த்தேன். கட்டைவிரல் நீளம், அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் பிதுக்கியது. அதன் அட்டைப்பெட்டியில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு. பொடி எழுத்தில் ஏதோ எச்சரிக்கை. அந்த ட்யூபை எனக்கு முன்பே தெரியும்.

கலர் என்ற சொல்

வேறு எந்த மொழியிலாவது இப்படி இருக்கிறதா தெரியவில்லை, நம் பேச்சில் கலர் என்றால் ஒரே ஒரு கலர்தான். "பொண்ணு கலரா இருப்பா" என்று சொன்னால் என்ன நிறம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மற்ற நிறம் உள்ளவர்களுக்கெல்லாம் கலரே இல்லை, அல்லது "கலர் கம்மி". கொஞ்சம் இரக்கத்தோடு சொல்ல மாநிறம் என்ற சொல் இருக்கிறது. ஜாதகத்தோடு கொடுக்கிற குறிப்பில் என் அப்பா எனக்கு அதைத்தான் எழுதினார். எழுதுவதற்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் என் கையைப் பார்த்தார். அப்பாவுக்கு என்மேல் உயிர். அந்தப் பார்வையில் ஒரு துளி வெறுப்பு இருந்திருந்தால் நான் அதை அப்போதே தூக்கிப் போட்டிருப்பேன்.

2003ல் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். போட்டோ எடுக்க வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூடியோவுக்கு அம்மாவோடு போனேன். மறுநாள் அச்சடித்துக் கொடுக்கும் முன்னால் கடைக்காரர், "லேசா டச்சப் பண்ணிடட்டுமாம்மா?" என்றார். அம்மா என்னைக் கேட்கவில்லை, "பண்ணுங்க" என்றாள். கம்ப்யூட்டரில் அவர் கை அசைய அசைய என் நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் வெளுத்துக்கொண்டே வந்தன. எங்கே நிறுத்துவது என்று அம்மாதான் சொன்னாள். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒரு அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தபடி, "போட்டோவுல பாத்ததுக்கு நேர்ல கலர் கம்மி" என்றார். இன்னொருவர் என்னைப் பிடித்துப்போய்ச் சொன்னது: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா."

முதல் வாக்கியம் எனக்கு இன்று வலிப்பதில்லை. இரண்டாவது வலிக்கிறது. அதைச் சொன்னவர் நல்ல மனுஷி, மனசாரப் பாராட்டியவர். அந்த "இருந்தாலும்" என்ற சொல்லைத்தான் இருபது வருஷமாக என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒரு குறையை மன்னித்துவிட்டுக் கொடுக்கிற பாராட்டு அது. கறுப்பா இருந்தாலும் களை, குண்டா இருந்தாலும் சுறுசுறுப்பு, குட்டையா இருந்தாலும் லட்சணம். தி.நகர் புடவைக் கடையில் மாந்தளிர்ப் பச்சையைத் தொட்டதும் விற்பனைப் பெண், "அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது. இதைப் பாருங்க, எடுப்பா இருக்கும்" என்று மரூனை விரிப்பாளே, அவளும் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். என்னைத் திட்டியவர்களை எதிர்த்துச் சண்டை போட எனக்குத் தெரியும். இவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள், "வெயில்ல விளையாடாதடி", கர்ப்பமாக இருந்தபோது பாலில் குங்குமப்பூ, எல்லாமே அக்கறை. என்னை நான் குறைவாக நினைக்கக் கற்றுக்கொண்டது முழுக்க என்னை நேசித்தவர்களிடம்.

பீஜித் தீவைப் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. அங்கே ஒரு பகுதிக்கு 1995ல்தான் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த வருஷமும் 1998லும் பள்ளிச் சிறுமிகளிடம் கேட்டுப் பார்த்தார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக முதலில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். பருமனான உடம்பைக் கொண்டாடிய ஊர் அது. படித்தபோது எனக்குத் தோன்றியது, எங்கள் வீட்டில் அதற்கு டிவிகூடத் தேவைப்படவில்லை என்பதுதான். டிவி வந்தது, அப்புறம் செல்போன் வந்தது, போட்டோ எடுக்கும்போதே முகத்தை வெளுக்க வைக்கிற பியூட்டி மோட் வந்தது. ஸ்டூடியோக்காரர் செய்ததை இப்போது கேமராவே கேட்காமல் செய்கிறது. ஆனால் அது எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதைப் பாட்டி காலத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தோம்.

பதினாலு ட்யூப்

பொங்கல் முடிந்ததும் பாப்பாவை ஓர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டர் அம்மா என் வயதுக்காரர். முதலில் ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு விளக்கு வைத்த ஒரு சின்ன லென்ஸைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்களும் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். தோலுக்கு அடியில் சிவப்பு நூலைப் பிய்த்துப் போட்ட மாதிரி ரத்தக் குழாய்கள். விரலால் அழுத்தி எடுத்தார். அந்த இடம் வெளுத்து, மறுபடி சிவந்தது. தாடை ஓரத்தில் பூனைமுடி அடர்ந்திருந்ததையும் காட்டினார். இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் நான் பார்க்காத முகம் அது.

ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தேன். பெயரைப் படித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அது சிவப்பழகு க்ரீமே இல்லை. பெண்களுக்குக் கன்னத்தில் வருகிற மங்குக்காக, டாக்டர் சீட்டு எழுதி, சில வாரம் மட்டும் இரவில் போடச் சொல்கிற மருந்து. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, மூன்றும் கலந்தது. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நிறமியையும் குறைக்கிறது. அதனால் சில நாளிலேயே முகம் பளிச்சென்று தெரியும். போடப் போடத் தோல் மெலியும். நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் விரிந்து எரிச்சல், சிவப்பு, பரு. எரிச்சல் அடங்க மறுபடி அதையே போட வேண்டும். முகமே அந்த மருந்துக்கு அடிமையாகிவிடுகிறது. ஸ்டீராய்டு கெடுத்த முகம் என்று பொருள்படும் ஒரு பெயரையே இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பேர் வருகிறார்கள். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்பதற்கு எதிரான விதியை 2018ல் மத்திய அரசு இறுக்கியது. எனக்குக் கொடுத்த மெடிக்கல் கடையில் கேட்ட ஒரே கேள்வி, பதினைந்து கிராமா முப்பது கிராமா என்பதுதான்.

மூன்று மருந்தைக் கலக்கும் இந்த முறைக்கு மூலமான குறிப்பை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975ல் வெளியிட்டார். நாடு முழுக்கப் பிரபலமான அந்தச் சிவப்பழகு க்ரீம் நம் கடைகளுக்கு வந்ததும் அதே 1975ல்தான். ஒன்று நோய்க்கு, ஒன்று நிறத்துக்கு. நம் வீட்டுக் கண்ணாடி முன்னால் இரண்டும் ஒன்றாகிவிட்டன, ஏனென்றால் நிறத்தையே நாம் நோயாக்கிவிட்டோம். அந்த க்ரீம் 2020ல் பெயரிலிருந்த "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. நிறத்தை வைத்து யாரையும் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014லேயே விதி போட்டது. கறுப்பு அழகுதான் என்று சொல்லும் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்தை 2009ல் விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு தொடங்கியது நம் சென்னையிலிருந்துதான். இதெல்லாம் நல்ல விஷயங்கள், வேண்டியவை. ஆனால் எங்கள் வீட்டு வாசற்படியை எதுவும் தாண்டவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "எவ்வளவு நாளாப் போடுற?"

"ப்ளஸ் ஒன் ஆவணியிலேர்ந்து மேடம்."

"எத்தனை ட்யூப் ஆகியிருக்கும்?"

பாப்பா யோசிக்கவே இல்லை. "பதினாலு."

"மொதல்ல யாரு வாங்கிக் குடுத்தாங்க?"

அங்கே ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தோடு. பாப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "நானேதான் மேடம் வாங்கினேன்" என்றாள்.

நான்தான் வாங்கினேன். அந்த ஆவணியில் பெரியப்பா மகன் கல்யாணம். பாப்பாவுக்குப் பதினைந்து முடிந்து பதினாறு. முதன்முதலாகத் தாவணி கட்டிக்கொண்டு எல்லாச் சொந்தக்காரர்கள் முன்னாலும் நிற்கப் போகிறாள். என்னைப் பார்த்த கண்கள் இவளைப் பார்க்கும், என்னிடம் சொன்னதை இவளிடம் சொல்வார்கள் என்று எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. ஆபீஸில் கூட வேலை செய்கிறவள் பெயர் எழுதிக் கொடுத்தாள். "ஒரே வாரத்துல தெரியும் பாருங்க" என்றாள். வாங்கிக்கொண்டு வந்து, கொலுசு வாங்கித் தருகிற மாதிரி பாப்பா கையில் கொடுத்தேன். ஒரு வாரத்தில் தெரியத்தான் செய்தது. மண்டபத்தில் நுழைந்ததும் ஒரு சித்தி அவள் தாடையைப் பிடித்து, "அட, பாப்பா கலராயிட்டாளே!" என்றார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு எவ்வளவு பெருமை! மற்ற பதிமூன்று ட்யூபையும் அவள் பாக்கெட் மணியில் வாங்கியது அந்த ஒரு வாக்கியத்தைத் தக்கவைத்துக்கொள்ளத்தான்.

"இல்லை டாக்டர், நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றேன். குரல் சரியாக வரவில்லை, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டிவிட்டு அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். பாப்பா என் முழங்கையைப் பிடித்து, "பரவாயில்லை அத்தை" என்றாள். பதினேழு வயதுக் குழந்தை, எரிகிற முகத்தோடு, எனக்கு ஆறுதல் சொல்கிறது. என் அப்பாவின் பேனாவும் அம்மாவின் "பண்ணுங்க"வும் என் கையிலும் இருப்பதை அந்த நிமிஷத்தில்தான் பார்த்தேன். எனக்கு நடந்ததிலிருந்து இவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எனக்கு நடந்ததையே இவளுக்கும் செய்திருக்கிறேன், அதே அன்போடு.

பத்து நிமிஷம்

மருந்தை டாக்டர் சொன்ன முறையில் விட்டபோது முதல் ஆறு வாரம் நரகம். முகம் வீங்கியது, தோல் உரிந்தது. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டி, "இந்த மூஞ்சியோட நான் எதுக்கு அத்தை இருக்கணும்?" என்றாள். மறுநாள்வரை காத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. 14416க்குப் போன் செய்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். எதிர்முனையில் பேசிய பெண், முதலில் பாப்பாவோடு அரை மணி நேரம், பிறகு என்னோடு. இன்று ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள், காலையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள் என்றார். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அந்த மாதிரி ராத்திரி வந்தால், அந்த எண் வேலை செய்கிறது.

காலையில் அண்ணன் முகம் இறுகிவிட்டது. "கீழ்ப்பாக்கம் போற அளவுக்கு என்ன ஆயிடுச்சு இப்போ?" என்றார். எங்கள் பக்கத்தில் கீழ்ப்பாக்கம் என்றால் ஊர்ப்பெயர் இல்லை, வசவு. 1794ல் தொடங்கி, 1871லிருந்து அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையில் எத்தனையோ பேர் குணமாகிப் போயிருக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு நாம் கண்டுபிடித்தது ஒரு கேலி. தோலுக்கு ஆஸ்பத்திரி போகலாம், மனசுக்குப் போனால் கல்யாணம் ஆகாது. அண்ணி முதன்முறையாக எதிர்த்துப் பேசினாள். "கல்யாணம் கல்யாணம்னுதான் இங்க வந்து நிக்கறோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தோற்றத்தில் இல்லாத குறையை, அல்லது கடுகளவு குறையை, மலையாக நினைத்து நாளெல்லாம் அதிலேயே உழலும் ஒரு நோய் இருக்கிறது. பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்கிறார்கள். இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891லேயே அடையாளம் காட்டியது. ஏறக்குறைய நூறில் இரண்டு பேருக்கு இருக்கலாம், பெரும்பாலும் பள்ளி வயதில் தொடங்கும், பேச்சு சிகிச்சையாலும் மருந்தாலும் குறையும். பாப்பாவுக்கு அது என்று முத்திரை குத்தவில்லை, ஆனால் சாயல் இருக்கிறது என்றார் உளவியல் நிபுணர். திரும்பத் திரும்பக் கேமராவைப் பார்ப்பது, மூடி மறைப்பது, வெளியே போகாமல் இருப்பது, எங்களிடம் வந்து "மூஞ்சி ரொம்ப மோசமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது.

"அப்படிக் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று எங்களைக் கேட்டார்.

"நல்லாத்தானேடா இருக்கேன்னு சொல்லுவோம்."

"அது எவ்வளவு நேரம் அவளுக்குத் தாங்கும்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். பாப்பாதான் பதில் சொன்னாள்: "பத்து நிமிஷம்."

அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வாரம் ஆனது. "நீ அழகுதான்" என்று சொல்வது அந்தக் கேள்விக்குச் சோறு போடுவது. பத்து நிமிஷத்தில் பசித்துக்கொண்டு மறுபடி வரும். கொஞ்ச மாதத்துக்கு இந்த வீட்டில் யாரும் முகத்தைப் பற்றிப் பேசாதீர்கள், நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம் என்றார்.

இது எவ்வளவு கஷ்டம் என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. நமக்கு நலம் விசாரிக்கவே உடம்பை விட்டால் வேறு வார்த்தை கிடையாது. வாசலில் வருகிறவர்களை "என்ன, இளைச்சுட்டே", "நல்லா பூசினாப்ல இருக்கே", "வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டியே" என்று சொல்லித்தான் உள்ளே கூப்பிடுகிறோம். "கறுத்துட்டியே" என்பதில் உழைத்துக் களைத்திருக்கிறாய் என்ற பரிவு உண்மையிலேயே இருக்கிறது. அந்தப் பரிவுக்குள்தான் ஊசியும் இருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவளுக்கு இந்த விதி புரியவில்லை. "கறுப்பே அழகு, காந்தலே ருசின்னு சொல்லக் கூடாதா?" என்றாள். கூடாதும்மா என்றேன். காந்தல் பிடித்த சோறு பிடிக்கும் என்று ஒருத்தர் சொன்னாலே, அது காந்திவிட்டது என்றுதானே அர்த்தம்.

பரீட்சைக்குத் தமிழ் படித்துக்கொண்டிருந்த பாப்பா ஒருநாள், "அத்தை, பசலைன்னா வெளுத்துப்போறதுதானே?" என்று கேட்டாள். ஆமாம், பிரிவுத் துயரத்தில் பெண்ணின் மேனி நிறம் மாறி வெளிறிப்போவது. திருக்குறளில் அதற்கென்றே 119ஆவது அதிகாரம் இருக்கிறது. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாட்டு ஒன்றை அவளுக்குச் சொன்னேன். கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் வழிந்த பசும்பால் போல, தன் மாமை நிற அழகை, தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல், பசலை தின்னப் பார்க்கிறது என்கிறாள் அந்தப் பெண். மாமை என்றால் மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். பாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ அவங்களுக்கு வெளுத்துப்போறதுதான் நோயா?" என்றாள். அந்தக் காலத்துப் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கவலையே இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டே கவலைதான். ஆனால் அவள் அன்று கேமராவைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்ததைப் பார்த்தேன்.

அவளுக்கு என் கல்யாண ஆல்பமும் நினைவுக்கு வந்து கேட்டாள். அந்த ஸ்டூடியோ போட்டோ அதில்தான் இருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாரு அத்தை இது?" என்றாள். மடியில் கோத்திருந்த கைகளை மட்டும் கடைக்காரர் மறந்துவிட்டிருக்கிறார். அதைத் தொட்டு, "இது மட்டும் உங்க கை" என்றாள்.

போன வாரம் தோல் பிரிவில் மறுபடி காட்டிவிட்டு வந்தோம். சிவப்பு குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. குழாய்கள் சுருங்க இன்னும் மாதங்கள் ஆகலாம், சில இடம் அப்படியேகூட இருக்கலாம் என்றார் டாக்டர். திரும்பும்போது உச்சிவெயில். கொன்னூர் நெடுஞ்சாலையில் பஸ் நகரவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாப்பாவின் கன்னம் லேசாகச் சிவக்க ஆரம்பித்தது. என் பக்கம் திரும்பி, "அத்தை, மூஞ்சி எப்படி இருக்கு?" என்றாள்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை, ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிக்னல் போனது, இன்னொரு சிக்னல் போனது. அயனாவரம் தாண்டும்போது, "காலேஜ்ல ஹாஸ்டல்காரங்களுக்கு மட்டும்தான் காலையில டிபன் தருவாங்களாம்" என்றாள். நான் மணியைப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆகியிருந்தது.